தடியன் நின்ற பக்கம்

கோட்டை வாசலில் காவலுக்கு நிறுத்திய ஐந்து கோடாலிக்காரர்களில் மூவரை மறுபடியும் காணவில்லை. அண்ணி கம்ப்யூட்டர் திரையை முறைத்தாள். பிறகு திரும்பி, அடுப்படியில் டீ கலக்கிக்கொண்டிருந்த கொழுந்தனையும் அதே முறைப்பு முறைத்தாள்.

இரண்டு வருஷமாக இருவரும் முறை வைத்து ஆடிவரும் கோட்டை அது. மருந்துக்கடைக்குக் கிளம்பும் முன் காலையில் அவள். லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து மாலையில் அவன். படை அவளுக்கு, கட்டடம் அவனுக்கு. ஒருவர் பக்கத்தை மற்றவர் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது என்று பேச்சு. படையைத் தான்தான் நடத்துவேன் என்று முதலில் ஒற்றைக்காலில் நின்றவன் அவன். அதை அவள் மறக்கவில்லை. அந்த விளையாட்டில் கோட்டை விழுந்தால் விழுந்ததுதான், பழைய இடத்துக்குத் திரும்ப வழியே கிடையாது. வடக்கே எதிரிகள் கூடாரம் போட்டுவிட்டார்கள்.

“தம்பி, நேத்து என் ஆளுங்க மேல கை வச்சீங்களா?”

“நான் ஏன் அண்ணி வைக்கிறேன்? என் சுவரே பாதியில பல்லை இளிச்சிட்டு நிக்குது.”

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அவளுக்குச் சந்தேகம் இன்னும் தடித்தது.

“அப்ப என் தளபதி தடியன் எங்கே?”

“சாப்பிடப் போயிருப்பான். உங்க படைக்கு அது ஒண்ணுதானே ஒழுங்கா வரும்.”

“ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போங்க,” என்றான் ஷூவைத் தேடிக்கொண்டிருந்த அவள் கணவன். “என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க.”

ஞாயிற்றுக்கிழமை மாலை. கொழுந்தன் ஆட உட்கார்ந்ததும், துணி மடிக்கிற சாக்கில் அண்ணி அவன் பின்னால் வந்து உட்கார்ந்தாள். ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள். அவன் கட்டட வேலைகளை மட்டும்தான் திறந்தான். வாசலருகே சுவரில் இருந்த ஓட்டையை ‘அவசரம்’ என்று குறித்தான். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்து எதிரியின் கொம்பு முழங்கியது. “நகருங்க, படையைப் பார்க்கணும்!” என்று அவள் எழுந்தாள். அவள் கண்ணெதிரே தடியன் கோடாலியைக் கீழே போட்டுவிட்டுக் கல்லைத் தூக்கினான். இன்னும் இருவர் அவன் பின்னாலேயே போனார்கள்.

“மாட்டினீங்களா!”

“நான் அவனைத் தொடவே இல்லையே! வேலையைச் சொன்னேன். கல் வேலை தெரிஞ்சவன் எவனாவது தானா வந்து கட்டுவான்.”

அன்றுதான் முதல்முறையாக இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் திறந்தார்கள். அவள் பக்கத்தில் தளபதி தடியன். அவன் பக்கத்தில் தலைமைக் கொத்தனாரும் அதே தடியன். பலசாலிகளாகப் பார்த்துப் பொறுக்கிப் படையில் சேர்த்திருந்தாள் அண்ணி. அவர்களுக்கு அந்தப் பலம் வந்ததே கல் தூக்கித்தான்.

“அப்ப என் கொத்தனாருங்களை இழுத்துக்கிட்டது நீங்கதான்! இத்தனை நாளும் வேணும்னே செய்யறீங்கன்னு நினைச்சேன்.”

“நான் நினைச்சதைச் சொன்னா நீங்க இந்த வீட்ல டீ குடிக்க மாட்டீங்க.”

திரையில் எதிரிகள் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள்.

“அவசரத்தை எடுத்துடவா? தடியன் திரும்பிச் சண்டைக்கு வருவான்.”

அந்தக் கூட்டத்துக்கு முன் ஐந்து கோடாலி எம்மாத்திரம்? “வேண்டாம். அடைக்கட்டும்.”

கல் மேல் கல் ஏறியது. கடைசிக் கல்லும் பொருந்தியது. வந்த கூட்டம் மூடிய வாசலிலும் சுவரிலும் முட்டி நின்றது. கோட்டை பிழைத்தது. கொழுந்தன் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினான்.

அண்ணி மட்டும் திரையில் தேடிக்கொண்டே இருந்தாள். மற்ற இருவரும் உள்ளே இருந்தார்கள், தடியன் இல்லை. சுவருக்கு வெளியே நின்று கடைசிக் கல்லை வைத்திருந்தான். கோடாலியோ உள்ளே கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிரோடு இருப்பவர்கள் பட்டியலில் அவன் பெயர் அணைந்தது.

“எந்தப் பக்கம் நின்னு கட்டணும்னு நாம சொல்ல முடியாதா, தம்பி?”

“முடியாது அண்ணி,” என்றான். கேள்வி முடியும் முன்பே வந்த பதில். பிறகு ரொம்பப் பரிவாக, “மனசு கஷ்டமா இருந்தா, படையை நான் பார்த்துக்கிறேனே,” என்றான்.

அண்ணி சாப்பாட்டு மேஜையிலிருந்து இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் போட்டாள்.

“இனிமே ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உட்காரணும்.”

“நல்ல யோசனை,” என்றான் கொழுந்தன். அதைச் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அதையும் அவள் கவனித்து வைத்துக்கொண்டாள்.