காய்ச்சல் இல்லாத கடைத்தெரு

பொதுச் சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் வாங்கப் பிரேமாவுக்கு ஆய்வேடு ஒன்றுதான் பாக்கி. தலைப்பு எலிக்காய்ச்சல், களம் மலையாள நாட்டுத் தலைநகரில் தமிழர் கடைகள் நிறைந்த ஆரியசாலை. கூடப் படித்தவர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி மழையில் நனைந்துகொண்டிருக்க, இவளுக்கு எல்லாக் கடையும் திறந்தே கிடந்தது. அப்பா கோமதிநாயகம் அங்கே அரிசி மொத்த வியாபாரி, வியாபாரிகள் சங்கத் தலைவர் வேறு. அவரே கூட வந்து, "நம்ம மக படிப்புக்கு நாலு கேள்வி கேக்கணுமாம்" என்பார். கடை முதலாளி மூட்டை தூக்குகிறவர்களைக் கல்லாவுக்கு முன்னால் வரிசையாக நிறுத்துவார். இந்த மாதம் காய்ச்சல் வந்ததா என்று பிரேமா கேட்பாள். அவர்கள் முதலாளி முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லை என்பார்கள்.

கொட்டுகிற மழைக்காலத்தில், எலி மூத்திரம் கலந்த சாக்கடைத் தண்ணீரில் வெறுங்காலோடு நடக்கிற அத்தனை பேரில் ஒருத்தனுக்குக்கூடக் காய்ச்சல் இல்லையாம்!

வழிகாட்டிப் பேராசிரியர் ஸ்ரீகண்டன் பூரித்துப்போனார். "பேஷ்! டேட்டா எவ்வளவு கிளீனா இருக்கு பாரு. இதை வச்சே ஒரு பேப்பர் போட்டுடலாம்."

பழைய அரண்மனைக் கோட்டைக்குள் பிறந்து வளர்ந்த மனிதர். கொள்ளைநோய் பற்றி வெளிநாடெல்லாம் போய்ப் பேசியவர், கூப்பிடு தூரத்து ஆரியசாலையில் கார் கண்ணாடியைக்கூட இறக்கியதில்லை. ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஊருக்கு ஆரோக்கியப் பட்டம் கொடுக்கிற இந்த ஆளிடமா படிக்க வந்தோம் என்று பிரேமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முதலாளி முன்னால கேட்டா எவன் சார் உண்மை சொல்வான்?"

"நீயா எதையாவது கிளறாதே. சப்மிட் பண்ணு, டிகிரியை வாங்கிண்டு போ."

மறுநாள் முதலாளிமார் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிற நேரம் பார்த்துத் தனியாகப் போனாள். டீக்கடையில் நின்ற தாசையன் என்ற சுமைகாரர் அவளைக் கண்டதும் சிரித்தார். மரியாதைச் சிரிப்பு இல்லை.

"காய்ச்சல்னு சொன்னா ஊருக்குப் போலேன்னு விரட்டிருவாவ. எங்கள்ட்ட எதுக்குக் கேக்குதிய? ஒங்க அப்பா குடோன்ல போய்ப் பாருங்க."

குடோனில் மூட்டை அடுக்குக்குப் பின்னால், ஈரச் சாக்கின் மேல் மார்த்தாண்டத்திலிருந்து மூட்டை தூக்க வந்த பையன் செல்வின் சுருண்டு கிடந்தான். கண் இரண்டும் மஞ்சள். தொட்டால் கொதித்தது.

"யாரு உன்ன இங்க படுக்கச் சொன்னா?"

"முதலாளிதான் அக்கா. மாத்திர வாங்கித் தந்தாவ. நீங்க கேட்டு முடிக்கது வர வெளிய வரண்டாம்னாவ."

அவள் வெளியே ஓடினாள். தாசையனைக் கூப்பிட்டு, இருவருமாக அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்கள். வழியெல்லாம் கைபேசி அலறியது. யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரில கடைப் பேரைச் சொல்லிராத, கேட்டியா? பெத்த மக எழுதுற புஸ்தகத்துல நம்ம கடையா வரணும்? சங்கத் தலைவர் குடோனுக்கே சீல் வச்சா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெளிய நடப்பேன்? எல்லாம் ஒன் படிப்புக்காகத்தான் செஞ்சேன்!"

செல்வின் சாகக் கிடக்கிறான், இவருக்கு மூஞ்சிதான் கவலை. அந்த மூஞ்சிக்காகத் திறந்த கடைகளில்தானே நானும் பவிசாக நின்று கேள்வி கேட்டேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் செல்வினின் கண் இமையை விலக்கிப் பார்த்தாள். சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது, பிழைத்தால் அதிர்ஷ்டம் என்றாள். பிறகு பிரேமாவிடம் மலையாளத்தில் எரிந்து விழுந்தாள்: எங்கே வேலை செய்கிறான், இத்தனை நாள் ஏன் கொண்டுவரவில்லை?

"எங்க அப்பா கோமதிநாயகத்தோட அரிசி குடோன்ல" என்றாள் பிரேமா. "எலிக்காய்ச்சல் பத்தி நான் செய்யற ஆராய்ச்சி முடியட்டும்னு ஒளிச்சு வச்சிருந்தாங்க."