ஒரின்பாய் கொண்டுவந்த மீன்

என் கணவர் கெனெசுக்கு மீன் தொட்டிதான் உயிர். அல்மாத்தியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கும் அந்தத் தொட்டியில் எல்லாம் சிக்லிட் என்ற ஆப்பிரிக்க ஏரி மீன் இனம். ஒரு மீன் வாங்குவதற்குள் கடைக்காரரின் பிராணனை வாங்கிவிடுவார். பாசி தின்பதா, புழு தின்பதா? முட்டையிடும் நேரத்தில் பக்கத்தில் வருவதைக் கடிக்குமா? ஓர் ஆணுக்கு எத்தனை பெண் வேண்டும்? அடியில் மேயும் கெளுத்திக்குக்கூட இந்த விசாரணை உண்டு.

"அதோட ஏழு தலைமுறைப் பேரையும் கேட்டுட்டீங்களா?" என்று சீண்டுவேன்.

"சிரி, சிரி. சேராதது ஒண்ணு உள்ள வந்தா மொத்தத் தொட்டியும் காலி."

அன்று எங்கள் ஒரே மகள் தோல்கினுக்குத் தோடு போட்டுச் சம்பந்தம் முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தோடு காதில் ஏறிவிட்டால் பேச்சு மாறக் கூடாது. இதற்கு மாப்பிள்ளை வருவது வழக்கமில்லை. மாப்பிள்ளை தவுரெனின் அப்பா ஒரின்பாய் கையில் வாளியோடு நுழைந்தார். உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓர் ஆஸ்கர் மீன்.

"சம்பந்தி, உங்க மீனெல்லாம் விரல் தண்டிதான்னு பையன் சொன்னான். மனசு கேக்கல. இதுவும் சிக்லிட்தானாம், கடைக்காரன் சொன்னான்!"

கெனெசின் முகம் வெளுத்தது. ஆனால் சம்பந்தி தரும் பரிசை மறுப்பது, அவர் மரியாதைக்குத் தோளில் போர்த்திய அங்கியை அவர் கண்ணெதிரே கழற்றி வைப்பது மாதிரி; முடியுமா? கெனெஸ் வாய் திறக்கும் முன்பே ஒரின்பாய் வாளியைத் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார்.

நாங்கள் இறைச்சி சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த ஆஸ்கர் தொட்டி மூலையில் கிடந்தது. தேநீர் ஊற்றும்போது ஆரம்பித்தது. முதலில் ஒரு மஞ்சள் மீனைக் காணவில்லை. அடுத்ததன் வால் ஆஸ்கரின் வாய்க்கு வெளியே துடித்ததை எல்லோரும் பார்த்தோம். நான் ஊற்றிய தேநீர் கிண்ணம் நிரம்பி விரிப்பில் வழிந்தது.

"அடேங்கப்பா, என்னா பசி!" ஒரின்பாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். கெனெசும் சிரித்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மாப்பிள்ளையின் அம்மா தோட்டுப் பெட்டியைத் திறந்தார். தோல்கின் எழுந்து நேரே தொட்டிக்குப் போனாள். பட்டுச் சட்டை நனைய வலையை உள்ளே விட்டு, அந்த மீனை அள்ளி வாளியில் போட்டாள்.

"பொண்ணா இது?" என்றார் ஒரின்பாய்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "மீனுக்கு இத்தனை கேப்பீங்களேப்பா, எனக்கு என்ன கேட்டீங்க? தவுரெனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகி, கட்டுன பொண்ணு விட்டுட்டுப் போயிருச்சு. அந்தப் பொண்ணே நேத்து எனக்கு போன் பண்ணுச்சு. நீங்க வாக்கு குடுத்துட்டீங்களேன்னு வாய மூடிட்டு இருந்தேன்."

என் தலையில் இடி விழுந்தது. பெண் பார்க்க வந்த அன்று, ஒரு வாய்த் தேநீர் குடிப்பதற்குள் பையனைப் பிடித்துப்போய்த் தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி.

"அந்தப் பொண்ணு ஏன் போச்சு, சம்பந்தி?" கெனெசின் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"பொம்பளைன்னா கொஞ்சம் பொறுத்துப் போகணும். ஒரு அடிக்கே யாராவது..." என்ற ஒரின்பாய் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

கெனெஸ் எழுந்து போய் வாசற்கதவை அகலத் திறந்து பிடித்தபடி நின்றார். வந்த விருந்தாளிக்கு எங்களில் யாரும் செய்யாத காரியம் அது. நான் தடுக்கவில்லை.