திருப்பித் தந்த தோடம்பழம்

விக்னராஜாவுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று டண்டினொங் புறநகரில் அவரைத் தெரிந்த எல்லோரும் சொல்வார்கள். எழுபத்தைந்தாம் ஆண்டு மெல்பேர்னில் தமிழரையே விரல்விட்டு எண்ணலாம் என்பதால், அந்த எல்லோரும் நாலைந்து குடும்பந்தான். ஆனால் சொன்னதில் பொய்யில்லை. மகள் கலா, பூன் என்ற மலேசியச் சீனப் பெடியனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது, மனுசன் ஒரு வருஷமாக அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு கலா பிள்ளைத்தாய்ச்சி என்று தெரியவந்தது. மகளைப் பார்க்க வேண்டுமென்று மனைவி யோகா சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். கல்லும் கரையும், இவர் கரைய மாட்டாரா? சீனருக்கு வருஷப்பிறப்பு வருகிறது, அன்றைக்கு வந்தால் பூனின் தாயான மாமி பழையதொன்றையும் மனசில் வைத்திருக்க மாட்டா என்று கலா தொலைபேசியில் சொன்னாள். சம்பந்தி வீட்டுக்கு முதலில் ஆம்பிளை போய்ப் பார்ப்பது, பிறகு மனைவியைக் கூட்டிப்போவது என்று இவர் ஒழுங்கு வைத்தார். அன்று செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்கு முன்னே போய்வாருங்கள் என்று யோகா துரத்தியதில், கலாவும் பூனும் வேலையால் வருமுன்பே இவர் போய் நின்றார். வெறுங்கையோடு போவாரா? பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்த தோடம்பழம், நல்ல ஆரஞ்சு நிறத்தில், ஒரு பை நிறைய.

பூனின் தாய் திருமதி டானுக்கு ஆங்கிலம் கொஞ்சந்தான். பையை இரண்டு கையாலும் வாங்கினார். தோடம்பழத்தைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. வருஷப்பிறப்புக்கு மண்டரின்தான் வேண்டும், இந்த நாட்டில் அது குளிர்காலத்தில் அல்லவா காய்க்கிறது என்று பாதி சொல்லாலும் பாதி கையாலும் விளங்கப்படுத்தினார்.

பிறகு பழக் கதைதான். அவருடைய ஆட்கள் தென்சீனாவில் சுவாத்தோ பக்கம். அங்கே கொய்யாவை உப்பிட்ட பிளம்ஸ் தூளில் தோய்த்துத் தின்பார்களாம். கொய்யாவுக்கு எங்கே போவது? பழுக்காத பீச்சைச் சீவி, தூளைத் தூவிக் கொண்டுவந்து வைத்தார். விக்னராஜா ஒரு துண்டை வாயில் போட்டார். புளிப்பு, உப்பு, பின்னால் மெல்ல ஓர் இனிப்பு. மாங்காயை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்று வளர்ந்த நாக்குக்கு வேறென்ன வேண்டும்! கோப்பையைக் காலி பண்ணிவிட்டார். காலஞ்சென்ற கணவர் கன்ரன் நகரத்து ஆள், அவர்களுக்கு லிச்சி என்றால் உயிர் என்று சொல்லி, தகரத்தில் அடைத்த லிச்சியை உடைத்துக் கொடுத்தார். அளவுக்கு மிஞ்சித் தின்றால் உடம்பு சூடாகி மூக்கால் இரத்தம் வரும் என்று எச்சரிக்கை வேறு. எங்கள் பலாப்பழமும் சூடுதான் என்று இவர் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். சீனாவின் வடக்கே உள்ளவர்களோ பெயார்ஸ் பழத்தைப் பனியில் உறையவிட்டுச் சூப்புவார்களாம். அதைச் சொல்லும்போது அவர் உதட்டைச் சுழித்த விதத்தில், அதுவும் ஒரு தின்பண்டமா என்பது விளங்கியது.

சம்பந்தி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்! ஒரு வருஷத்தை வீணாக்கிவிட்டோமே என்று விக்னராஜாவுக்கு மனம் உருகிவிட்டது. பின்னேரம் யோகாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தார்.

திருமதி டான் அடுப்படிக்குள் ஓடினார். இவர் கொண்டுவந்த அதே பையிலிருந்து இரண்டு தோடம்பழங்களை எடுத்துவந்து இவர் கையில் வைத்தார். வேண்டாமென்று இவர் தலையாட்ட, விரல்களை வலிய மூடிவிட்டார்.

விக்னராஜாவுக்குத் தலையில் இடி விழுந்தது. சம்பந்தம் பேசக் கொண்டுபோன பழம் திரும்பி வந்தால் என்ன அர்த்தமென்று யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்கள் உறவு எங்களுக்கு வேண்டாம் என்பதுதான். சிரிக்கச் சிரிக்கத் தின்னக் கொடுத்துவிட்டு முகத்தில் கரியைப் பூசிவிட்டாளே! வீட்டுக்கு வந்து, வெளிக்கிட்டு நின்ற யோகாவிடம் சொன்னார்.

"பழத்தைத் திருப்பித் தந்திட்டா. இனி அந்தப் பக்கம் ஒருத்தரும் போகப்படாது."

யோகாவுக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கட்டிய சேலையோடு கதிரையில் இருந்து அழுதாள். கலா தொலைபேசி எடுத்தபோதெல்லாம் இவர் குரலைக் கேட்டதும் வைத்தார். வயிற்றுப் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றபோதும் கதவு திறக்கவில்லை. அடுத்த ஆண்டு பூன் குடும்பம் மலேசியாவில் ஜொகூருக்கே திரும்பிவிட்டது. பேத்தி பிறந்ததைக்கூட ஆரோ சொல்லித்தான் அறிந்தார்கள்.

நாலு வருஷம் போயிற்று. விக்னராஜாவின் கந்தோருக்கு மலேசியாவின் ஈப்போவிலிருந்து லியோங் என்றொரு சீன இளைஞன் வேலைக்கு வந்தான். சீன வருஷப்பிறப்பன்று, பெரியவரை மதித்து ஒரு பை தோடம்பழத்தோடு வீடு தேடி வந்தான். யோகா வடையும் தேத்தண்ணியும் கொடுத்தாள். போகிற நேரம் வாசலில் நின்று தயங்கினான். அங்கிள், இரண்டு பழத்தைத் திருப்பித் தர முடியுமா என்று வெட்கத்தோடு கேட்டான். பழத்தோடு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம். இரண்டைத் திருப்பிக் கொடுத்தால், உனக்கும் நல்லது நடக்கட்டும், மறுபடி வா என்று அர்த்தமாம். இதுகூடத் தெரியாத வீடா என்று அம்மா கேட்பார் என்று சொல்லிச் சிரித்தான்.

விக்னராஜா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். யோகாதான் இரண்டு பழங்களை எடுத்துக் கொடுத்து அவனை அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் வாய் திறந்தாள்.

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, இஞ்சேருங்கோ. நானும் உங்கட சொல்லை நம்பிப் பெத்த பிள்ளைக்குக் கதவைத் திறக்கேல்லை."

பாவி, பெரும் பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு, விக்னராஜா தெரிந்தவர்களிடம் விசாரித்து நம்பர் வாங்கி ஜொகூருக்கு எடுத்தார். யோகா பக்கத்திலேயே நின்றாள். கலாவின் குரல் கேட்டதும், பழத்தின் கதையை ஒன்றும் மறைக்காமல் சொல்லி முடித்தார்.

"மாமி போன வருஷம் மோசம் போயிட்டா, அப்பா. அண்டைக்கு இரவு வரைக்கும் உங்களுக்கும் அம்மாவுக்கும் சாப்பாட்டுக் கோப்பை வைச்சுக் காத்துக்கொண்டு இருந்தவ. சாகுமட்டும் என்னட்டைக் கேட்டவ, நான் குடுத்ததிலை என்ன பிழை, உன்ர அப்பா ஏன் பிறகு வரேல்லை எண்டு."

யோகா ரிசீவருக்குக் கையை நீட்டினாள். கொடுத்தால் அவளும் இதைக் கேட்க வேண்டும். விக்னராஜா கொடுக்க மனமில்லாமல், காதிலிருந்து எடுக்கவும் முடியாமல் அப்படியே நின்றார்.