கருடனுக்குக் கும்பிடு, கோட்டானுக்குத் தீ

ரூபா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மாரியம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் தொடங்கியிருந்தது. சாப்பாட்டுப் பையோடு பெண்கள் பக்கம் போய் நின்றாள். ஓசூர் கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கும் சுரேந்தர் பேசிக்கொண்டிருந்தான். லீவு நாட்களில் பறவைகளைப் படமெடுப்பது அவன் வழக்கம். ஊருக்குப் பின்னால் உள்ள பாறைக்குன்றில் வாழும் வேட்டைப் பறவைகளை ஊரே காக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்ல வந்திருந்தான். அவனை அழைத்து வந்தவள் ரூபாதான்.

கருடன் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள். ராஜாளிக்கும் மறுப்பில்லை.

"அடுத்தது கொம்பன் ஆந்தை. நீங்க கோட்டான்னு சொல்றீங்களே, அது" என்றான் சுரேந்தர். கூட்டம் சலசலத்தது.

ஊர்ப் பெரியவர் ஆஞ்சப்பன் துண்டை உதறினார். "தம்பி, கருடன் பெருமாளு வாகனம். காப்பாத்தலாம். கோட்டான் கத்தனா வூட்ல சாவு வுழும். அதுக்கு இன்னாத்துக்குப் பாதுகாப்பு?"

"அது உங்க நெலக்கடலையத் தின்ற எலியப் புடிக்குதுங்க."

"எலிக்கு நாங்க மருந்து வெச்சுக்கறம்!" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

ரூபாவின் கணவன் ராஜசேகர் எழுந்தான். அவனுடைய அப்பா திம்மராயன் காலில் சர்க்கரைப் புண்ணோடு படுக்கையில் கிடந்தார். "தெனமும் பொழுது சாஞ்சா அது குன்னு மேல கத்துது. கத்த ஆரம்பிச்ச பொறவுதான் எங்கப்பா புண்ணு பெருசாச்சு. நானே பாத்தன்."

"ஏங்க, அது சர்க்கரையால..." என்றாள் ரூபா.

"நீ சும்மா இரு மே."

மனம் இளகட்டும் என்று நினைத்து, சுரேந்தர் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். பாறை இடுக்கில் இரண்டு குஞ்சுகள், உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. போன் கைமாறிக்கொண்டே போனது. பெண்கள் சிரித்தார்கள். ராஜசேகரோ படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "இது வழுக்குப்பாறை அடியில இல்ல?" என்று பக்கத்திலிருந்தவனிடம் கேட்டான். ரூபா போனைத் திருப்பி வாங்கக் கை நீட்டினாள். அந்த இடுக்கைச் சுரேந்தருக்குக் காட்டியவளும் அவள்தான்.

தீர்மானத்தில் கருடனும் ராஜாளியும் இடம்பிடித்தன. கோட்டானை விட்டுவிட்டார்கள்.

மறுநாள் மாலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே குன்றில் புகை தெரிந்தது. ரூபா வனத்துறைக்குப் போன் செய்தாள். "யானைக்கூட்டம் ராகிக் காட்டுல பூந்திருக்கும்மா. ஆளுங்க எல்லாரும் அங்கதான் இருக்கறாங்க. காத்தால வர்றம்" என்றது மறுமுனை. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. மூச்சிரைக்க மேலே ஓடினாள்.

இடுக்கு கருகிக் கிடந்தது. தாய்ப்பறவை தரையில் இறங்கி, சிறகு ஒடிந்ததுபோல் புரண்டு புரண்டு நகர்ந்தது. தன்னைத் துரத்தி வந்தால் குஞ்சுகளை விட்டுவிடுவார்கள் என்று அதற்கு நினைப்பு. யாரும் துரத்தவில்லை. வேலை முடிந்து இறங்கிக்கொண்டிருந்த ஆட்களில் ராஜசேகரும் இருந்தான். அவன் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

"முடிஞ்சுது. வா வூட்டுக்கு."

அதன்பின் குன்றிலிருந்து சத்தம் வரவில்லை. ராஜசேகர் நிம்மதியானான். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ரூபா சொன்னபோதெல்லாம், "இனிமே தானா ஆறிடும். பாப்பம்" என்று ஷிப்டுக்குக் கிளம்பினான். மாமனாரைத் தனியாகத் தூக்க அவளால் முடியவில்லை. புண்ணைக் கழுவிக் கழுவித் துணி மாற்றினாள். அவர் கால்விரல்கள் கறுத்தன. ஜுரத்தில் அவர் பிதற்றத் தொடங்கிய பிறகுதான் ராஜசேகர் கார் பிடித்து வந்தான்.

"புண்ணு பெருசாகும்போதே வந்திருக்கணும்" என்றார் டாக்டர். திம்மராயன் வீட்டுக்கு உயிரோடு திரும்பவில்லை.

காரியம் முடிந்ததும் ஆஞ்சப்பன் வந்தார். "கோட்டான் வுட்ட சாபம்டா இது. குஞ்சுங்க போனாலும் பெருசு ரெண்டும் குன்னுலதான் சுத்துது. அதுங்களையும் முடிச்சுடணும். பசங்க கெளம்பிட்டானுங்க."

ராஜசேகர் நிமிர்ந்தான். "கத்தனப்பவும் அதான் காரணம், கத்தாதப்பவும் அதான் காரணமா? எங்கப்பன் சர்க்கரையால செத்தாரு. நான் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவாம செத்தாரு. கருடனக் கண்டா கன்னத்துல போட்டுக்கறம், கோட்டானக் கண்டா தீ வெக்கறம். ரெண்டுமே வயித்துக்கு வேட்டையாடற பறவைங்க. காப்பாத்தறதுன்னா ரெண்டையும் காப்பாத்தணும். பசங்கள நிறுத்துங்க."

"மொதல்ல தீ வெச்சவன் நீ. இப்ப நீ சொன்னா எவன்டா கேப்பான்?"

ஆஞ்சப்பன் போய்விட்டார். ராஜசேகர் செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை வரை ஓடினான். தடிகளோடு போன இளைஞர்களின் கையைப் பிடித்தான், கெஞ்சினான். "அண்ணனுக்கு அப்பா போன துக்கம்" என்று அவனை மெல்ல விலக்கிவிட்டு அவர்கள் நடந்தார்கள். ரூபா மறுபடி வனத்துறைக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ராஜசேகர் அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான்.

"ஒரு உசுரக் கெட்டதுன்னு ஊருக்குச் சொல்றது சுளுவு மே. சொன்னத திருப்பி வாங்கத்தான் முடியல."