எழுபதாவது கிலோமீட்டரில் உருளைக்கிழங்கு

நூறு கிலோமீட்டர் நடைப்போட்டியில் எழுபதைத் தொட்டபோது, பஸ் ஓட்டும் அண்ணிக்குச் சாப்பாட்டு வாசனையே குமட்டியது. நேற்று மாலை கிளம்பியவர்கள், இப்போது உச்சிவெயில். ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக்கூடம்தான் இளைப்பாறும் இடம். நீள மேசையில் வேகவைத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, பெரிய பாத்திரத்தில் சூப். அண்ணி எதையும் தொடவில்லை. நாற்காலியில் பொத்தென்று விழுந்து, பாட்டிலைத் திறந்து மடக்மடக்கென்று தண்ணீர் குடித்தாள்.

பதினெட்டு வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறாள். அவள் ஓட்டும் வழியில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. வேலை நாட்களில் தொண்டையை நனைத்துக்கொள்வதோடு சரி. இந்த நடையிலோ வழியெல்லாம் கழிப்பறை உண்டு, யார் கேட்கப்போகிறார்கள்? நிறுத்தத்துக்கு நிறுத்தம் வயிறு முட்டக் குடித்துக்கொண்டே வந்தாள். தின்றதோ, விடியும்போது ஒரே ஒரு வாழைப்பழம்.

கூடவே நடந்துவரும் நாத்தனார், ஆஸ்பத்திரி நர்ஸ், சூப்போடு வந்தாள்.

"குடிங்க அண்ணி."

"வேணாம்டி. தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. இது எத்தனாவது கிலோமீட்டர்? நாப்பதா?"

நாத்தனாருக்குத் திக்கென்றது. அண்ணியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனீங்க?"

"விடியறதுக்கு முன்னாடி."

"இவ்ளோ குடிச்சுமா? பாட்டிலைக் குடுங்க இப்படி."

"தாகமா இருக்குன்னா..."

"தாகமா? உடம்புல தண்ணி ஏறி உப்பு நீர்த்துப்போச்சு. இனி ஒரு சொட்டு கிடையாது."

அங்கிருந்த டாக்டரை இழுத்து வந்தாள். அவரும் அதையே சொன்னார். தண்ணீரை நிறுத்தி, உப்புக் கரைசல் கொஞ்சமாகக் கொடுத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். அரை மணி கழித்து, உப்பில் புரட்டிய உருளைக்கிழங்கை நாத்தனார் சின்னச் சின்னத் துண்டாக ஊட்டினாள். முதல் துண்டை விழுங்க அண்ணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. நாலாவது துண்டுக்கு வாய் தானாகத் திறந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மூன்று தடவை கழிப்பறைக்குப் போய் வந்தாள், தலைவலி இறங்கியது.

"நடக்கக் கூடாது, வண்டியில போங்க" என்றார் டாக்டர்.

அண்ணிக்கு முகம் தொங்கிப்போனது. ஆறு மாதப் பயிற்சி.

"நீயாவது போ. எனக்காக நிக்காத."

நாத்தனார் குனிந்து ஷூவைக் கழற்றினாள். காலுறை ரத்தத்தில் ஒட்டியிருந்தது.

"அம்பதுலயே கொப்புளம் உடைஞ்சிருச்சு. நீங்க நடக்கும்போது நான் எப்படி நிப்பேன்?"

"அடிப்பாவி" என்றாள் அண்ணி. சிரிக்கத் தெம்பில்லை. மிச்சமிருந்த உருளைக்கிழங்கை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்தாள். வண்டி வரும்வரை இருவரும் தின்றார்கள்.