வெளுப்புக்கு வராத தலை

மலாயாவில், தங்காக்கிலிருந்து லேடாங் மலைப் பக்கம் போகும் செம்மண் பாதையோர ரப்பர்த் தோட்டத்தில், டோபி காளியப்பன் வெளுக்கப் போட்டிருந்த காட்டெருமை மண்டையோடு 1927-ஆம் வருஷம் மாசி மாதத்தில் புல் மேய ஆரம்பித்தது. அன்றைக்கு வேறு விசேஷம் எதுவும் இல்லை. மழை இல்லை, கள்ளுக்கடையில் அடிதடி இல்லை, பால்வெட்டு வழக்கம்போல் நடந்தது. காளியப்பன் விடிந்து எழுந்து பார்த்தபோது, முந்தின நாள் காய வைத்த கல்லின்மேல் மண்டையைக் காணோம். அது கொல்லைப்பக்கம் வேலியோரமாக இருந்தது. கல்லிலிருந்து வேலி வரைக்கும் ஒரு முழ அகலத்துக்குப் புல் ஒட்ட அறுத்துவிட்டதுபோல் கிடந்தது. பல்லும் தாடையும் பச்சைப்பசேல் என்றிருந்தன. வயிறு இல்லாத தலை தின்ற புல் எங்கே போனது என்று கேட்டால் அதற்குப் பதில் இல்லை. பின்பக்கம் விழவும் இல்லை, பார்த்தாகிவிட்டது.

மண்டை கிடைத்தது தை மாதத்தில். வெள்ளாவி அடுப்புக்கு விறகு பொறுக்கக் காட்டோரம் போன காளியப்பன், பெரணிச் செடிகளுக்கு நடுவே இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். மலாய்க்காரர்கள் செலாடாங் என்று சொல்லும் பெரிய காட்டெருமை. கண்குழி வழியாக வேர் ஓடியிருந்தது, மூக்கெலும்புக்குள் பூரான் குடியிருந்தது. விஷயம் பங்களாவுக்கு எட்டி, துரையே நேரில் வந்து பார்த்தார். சித்திரையில் அவர் லீவில் ஊருக்குக் கப்பல் ஏறுகிறவர். தம் தகப்பனார் வீட்டுச் சுவரில் மாட்ட இதைவிட நல்ல சாமான் கிடைக்காது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. “டோபி, இது எனக்கு வேணும். வெள்ளையா வேணும். என் கால்சட்டை மாதிரி வெள்ளை” என்றார்.

காளியப்பன் தன் ஆயுளில் ஒரு துரையிடம் வாய்விட்டு ஏதாவது கேட்டானென்றால் அது அன்றைக்குத்தான். அவன் பெண்சாதி ராசம்மா பால்வெட்டுக்காரி. இரண்டு தடவை உண்டாகி இரண்டு தடவையும் கலைந்துபோனது. இரண்டும் வெட்டுக்காட்டிலிருந்து இறங்கும் சரிவுப் பாதையில்தான், தோளில் காண்டாக் கம்பும் அதன் இரு முனையில் தளும்பும் பால் வாளிகளுமாக, பால் நிறுக்கும் ஸ்டோருக்குப் போகும்போது. இப்போது மூன்றாம் தடவை, மூன்றாம் மாதம். அவளை வெட்டிலிருந்து எடுத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் போட வேண்டும் என்று காளியப்பன் கேட்டான். துரை சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். “மண்டை வெள்ளை, ராசம்மா ஆயா. சரியா?” சரி என்று ஆனது.

காரியம் முடிந்த மாதிரிதான் என்று காளியப்பன் நினைத்துக்கொண்டான். ரப்பர் பால் கறை, ரத்தக் கறை, துரை விருந்தில் சிந்துகிற சிவப்புச் சாராயக் கறை எல்லாம் எடுத்த கை, எலும்பு எந்த மூலைக்கு? கயிறு கட்டி ஆற்றில் ஊறப்போட்டான். ஒட்டியிருந்த தோல் நாரை எறும்புப் புற்றருகே வைத்துத் தின்ன விட்டான். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் டோபிக்கு வெள்ளை என்றால் வெள்ளாவிதானே. மண்டையை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி, வெள்ளாவிப் பானையின் அடியில் வைத்து, அதன்மேல் துரையின் துணிகளை அடுக்கி, மூடி அவித்தான். எலும்பை அவித்தால் உள்ளிருக்கிற கொழுப்பு எலும்பிலேயே ஊறிவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. மண்டை பழைய நெய் நிறத்தில் வந்தது. துரையின் சட்டைகள் ஒரு மாதத்துக்குக் காட்டு வாடை அடித்தன. பிறகு சாம்பல் தண்ணீர், சுண்ணாம்பு, எலுமிச்சை, வெயில் என்று மாற்றி மாற்றிப் போட்டு, கை தோல் உரிந்து, ஒருவழியாக அது வெளுத்தது. நிஜமாகவே வெளுத்தது. ராசம்மா வந்து பார்த்து, வயிற்றில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் காலையில்தான் அது மேய்ந்திருந்தது.

அன்றையிலிருந்து மனுஷனுக்கு நிம்மதி போயிற்று. பகலெல்லாம் தேய்ப்பான், விடிந்தால் வாய் பச்சையாக இருக்கும். தென்னையில் கட்டினான். கயிறு எட்டுகிற வட்டம் முழுக்க மேய்ந்துவிட்டுக் கயிற்றையும் தின்றது. வீட்டுக்குள் பூட்டினான், அத்தாப்பு ஓலைக் கூரையைத் தின்று வானத்தைக் காட்டியது. வாயில் கோணி கட்டினான், கோணி போயிற்று. ஆத்திரத்தில் கீழ்த்தாடையைக் கழற்றித் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். மேல்பாதி போய்ப் புல்லை நசுக்கிக்கொண்டிருக்க, பெட்டிக்குள் தாடை தன்பாட்டுக்கு அரைத்துக்கொண்டே இருந்ததில் லயத்து வீடுகளில் ஒருவருக்கும் தூக்கமில்லை. கழற்றியதை அவனே மாட்டிவிட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் கெஞ்சி வாங்கிவந்த மருந்து நுரைத்துப் பொங்கி மண்டையைப் பால்போல் ஆக்கியது. அந்த வெள்ளையில் பச்சை இன்னும் நன்றாகத் தெரிந்தது.

பங்குனியில் அது பகலிலும் மேய ஆரம்பித்தது. மேயாத நேரத்தில், உடம்பு இருந்திருந்தால் தலை எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், நெஞ்சளவுக்கு அந்தரத்தில் நின்று லேடாங் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தோட்டத்து ஜனங்கள் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள், அடுத்த வாரம் தங்கள் வாசல் கால்வாயில் புல் மண்டிக்கிடக்கிறது, கொஞ்சம் இந்தப் பக்கம் ஓட்டிவிடு என்றார்கள். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வாலண்டைன் இருக்கிறாரே, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்காக்கில் பூசைக்குப் போகிறவர், அவரும் சும்மா இருக்கவில்லை. லாலான் புல் மண்டிய பின்மலைக்கு அதை இரண்டு நாள் இரவல் கேட்டார். கிராணி கேட்டு இல்லையென்று சொல்ல முடியுமா? திரும்பி வந்தபோது கொம்படி வரைக்கும் பச்சை ஏறியிருந்தது. காளியப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

“உனக்கு என்னதான் கேடு? செத்தாச்சு. தோலு போச்சு, கறி போச்சு. இன்னும் என்ன பசி உனக்கு?” என்று அதன் முகத்துக்கு நேராகக் கேட்டான்.

“அதைத் திட்டி என்ன ஆகப்போவுது? கஞ்சி ஆறுது, வந்து குடிங்க” என்றாள் ராசம்மா. அவளுக்கு அப்போது ஐந்து மாதம். அவள் நிதானமாகப் பேசியது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பயப்பட வேண்டியவள் அவள், தூக்கம் கெட்டவன் அவன்.

துரை புறப்படுவதற்கு முந்தின நாள் வந்து பார்த்தார். அன்று காலையில்தான் காளியப்பன் தேய்த்து முடித்துக் கூடவே காவல் நின்றான். துரையின் கார் சத்தம் கேட்டுச் சட்டையைப் போட்டுக்கொள்ள உள்ளே போன அந்த ஒரு நிமிஷத்தில் அது வேலியோரம் ஒரு வாய் கடித்துவிட்டது. துரை குனிந்து பார்த்தார். “வெள்ளை இல்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. திரும்பி வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் வாக்குத் தவறினார் என்று யாரும் சொல்ல முடியாது, அதுதான் இதிலே வயிற்றெரிச்சல்.

அவர் இடத்துக்குப் புதுத் துரை வந்ததும் காளியப்பன் கிராணியிடம் ஓடினான்.

“ஐயா, தொரை ஆயா வேலை தர்றேன்னு சொன்னாரு. நீங்க புதுத் தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க.”

“எப்படிப்பா சொல்றது? மண்டை வெளுத்தா ஆயா வேலைன்னு பேச்சு. மண்டை வெளுக்கல. அதுவும் பழைய தொரை பேச்சு. நான் போயி மாட்டு மண்டைக் கதைய அவர்கிட்ட சொன்னா, எனக்குக் கிறுக்குன்னுவாரு.”

“அது உங்க லாலானைத் தின்னுச்சுங்களே ஐயா.”

“தின்னுச்சு. நல்லாத்தான் தின்னுச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?” என்றார் வாலண்டைன். அவரிடம் கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. நல்ல எண்ணமும் எந்த உதவிக்கும் ஆகவில்லை.

ஆக ராசம்மா வெட்டுக்குப் போனாள். ஆறாம் மாதம் போனாள். வைகாசி பிறந்து ஏழாம் மாதமும் போனாள். பால் எடுக்கும் நேரத்தில் காளியப்பன் துவைக்கிற கல்லை விட்டுவிட்டு ஓடிப்போய்ச் சில நாள் வாளிகளைச் சுமந்தான். துரைத்துணி தாமதமானதற்குப் பங்களாவில் ஏச்சு விழுந்தபின் அதுவும் நின்றுபோனது. அப்புறம் ஒருநாள், சரிவுப் பாதையில் பாதி தூரம் இறங்கியபோது அவளுக்கு இடுப்பில் பிடித்தது. அந்த வலி அவளுக்குப் பழக்கமான வலி. வாளிகளை இறக்கிவைத்து, ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னே போனவர்கள் கூப்பிடு தூரத்தைத் தாண்டிவிட்டார்கள். பாதையோரத்தில் மண்டையோடு மேய்ந்துகொண்டிருந்தது, அதன் வெகுநாள் வழக்கப்படி.

அவ்வளவு நாளும் அதை ஒரு வார்த்தை சொல்லாதவள் அன்று சொன்னாள். “உன்னாலதான் நான் இந்தப் பாதையில நிக்கிறேன். என் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும். தின்னது போதும். தூக்கு.” ஒரு வாளியை இடது கொம்பில் மாட்டினாள். இன்னொன்றை வலது கொம்பில் மாட்டினாள். மண்டையோடு வாயிலிருந்த புல்லை மென்று முடித்தது. பிறகு நெஞ்சளவுக்கு எழும்பி, பாதையைப் பார்த்துத் திரும்பி, ஸ்டோரை நோக்கி இறங்கியது. ராசம்மா வெறுங்கையோடு, மரத்துக்கு மரம் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. ஸ்டோரில் பால் நிறுத்துக்கொண்டிருந்த வாலண்டைன் கொம்புகளைப் பார்த்தார், வாளிகளைப் பார்த்தார், அதற்குப்பின் அவளைப் பார்த்தார்.

“யாரு பேர்ல போட?”

“என் பேர்ல போடுங்க ஐயா. அது நம்ம வீட்டுதுதானே.”

அவர் போட்டுக்கொண்டார். மறுநாளும் அது சுமந்தது. அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் சுமந்தது. ஆடி மாதம் ராசம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, முதல் அழுகையே நாலு வீடு தள்ளிக் கேட்டது. அங்கம்மா என்று பேர் வைத்தார்கள். காளியப்பன் சாம்பல் தண்ணீரையும் சுண்ணாம்புச் சட்டியையும் எடுத்துவைத்துவிட்டு, சாயங்காலமானால் ஆற்றோரம் போய் இளம்புல் அறுத்துவந்து அதன்முன் போட்டான். போடும்போது ஏதாவது முணுமுணுக்காமல் போட்டதில்லை.

கார்த்திகையில் பழைய துரை திரும்பி வந்தார். வந்த மறுநாளே தோட்டம் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், சரிவுப் பாதையின் அடியில் துணிமூட்டையோடு போய்க்கொண்டிருந்த காளியப்பனை நிறுத்தினார். மேலே, கொம்புக்கு ஒரு வாளியாக மண்டையோடு இறங்கி வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ராசம்மா, இடுப்பில் பால்கத்தியும் முதுகில் தூளிகட்டிய குழந்தையுமாக வந்தாள். துரை அதன் பச்சை வாயைப் பார்த்தார்.

“டோபி. இன்னும் வெள்ளை இல்லையா?”

காளியப்பன் மூட்டையை இறக்காமலே பதில் சொன்னான். “அது இன்னும் வேலையில இருக்குங்க தொரை. வேலை முடியட்டும். அப்புறம் தன்னால வெளுத்துரும்.”

 பாதை ஒடுக்கம், வாளிகள் இரண்டும் விளிம்பு வரை நிறைந்திருந்தன. பால் சிந்திவிடுமே என்று துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கி வழிவிட்டு நின்றார்.