வெள்ளை போட்டவர்கள்

சுதா அடுப்பு மேடையில் இரண்டு கிண்ணங்களை வைத்துக்கொண்டு, ஒன்றில் வெள்ளை மொச்சையும் மற்றதில் கறுப்புக் கொண்டைக்கடலையும் எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதில் பதினொன்று, இதில் பதினொன்று. குழம்புக்கு யாரும் மொச்சையை எண்ணிப் போடுவதில்லை. தண்ணீர் குடிக்க வந்த மகள் திவ்யா அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாமா இது?"

"மன்றத்துக்குடி. புதுசா ஒருத்தங்க சேரணும்னு லெட்டர் குடுத்துகீறாங்க. ஓட்டு எடுக்கணும். உன் புஸ்தகத்துல போட்டிருந்தியே, வெள்ளை கோலி, கறுப்பு கோலின்னு. கோலிக்கு நான் எங்க போறது? அதான்."

"யாரு லெட்டர் குடுத்தது?"

சுதா ஒரு சொத்தைக் கடலையைப் பொறுக்கி எறிந்துவிட்டு வேறொன்றைப் போட்டாள்.

"மூணாவது தெரு நர்ஸம்மா."

"அம்மா, அந்தக் கோலி விஷயம் தப்புன்னுதானே எழுதியிருக்கோம்! அந்தப் பக்கத்த முழுசா படிச்சியா?"

"படிச்சேன் படிச்சேன். கடைசி பாரா மட்டும் இங்கிலீஷ் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சி. ஆனா ஐடியா நல்ல ஐடியாடி. யாரு இன்னா போட்டாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஒருத்தர் மனசும் நோவாது. வெள்ளக்காரன் மூளையே மூளை."

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கனடாவில் பனி கொட்டும் ஒரு சமவெளி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தபோது, திவ்யா அங்கே ஒரு 'விமென்ஸ் ஃப்ரட்டர்னிட்டி'யில் சேர்ந்திருந்தாள். மாணவிகள் ஒரே வீட்டில் தங்கி, ஒருவரை ஒருவர் 'சிஸ்டர்' என்று அழைத்துக்கொள்ளும் சங்கம். பெண்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் தங்க இடமில்லாத காலத்தில் எட்டுப் பேர் சேர்ந்து தொடங்கியது. அதன் நூறாவது ஆண்டுக்கு வரலாறு எழுத வேண்டியிருந்தது. நிலவறையில் கிடந்த பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் படிக்கும் வேலை திவ்யாவுக்கு வந்தது.

1934-ஆம் வருடக் குறிப்பேட்டில் ஒரு பெயரைக் கண்டாள். எதெல் வோங். சலவைக்கடை வைத்திருந்த சீனர் ஒருவரின் மகள். வகுப்பில் முதல் மாணவி. சங்கத்தில் சேர மனுக் கொடுத்திருந்தாள். அந்தக் காலத்து வழக்கப்படி ஒரு மூடிய பெட்டிக்குள் ஒவ்வொருத்தியும் கையை விட்டு ஒரு கோலியைப் போட வேண்டும். வேண்டும் என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு. ஒரே ஒரு கறுப்பு இருந்தாலும் மனு தள்ளுபடி. பெட்டியைத் திறந்தபோது ஒன்பது வெள்ளை, இரண்டு கறுப்பு. காரணம் எழுதும் இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

சங்கம் இதை மறைக்கவில்லை. நூற்றாண்டு நூலில் எட்டுப் பக்கம் அதற்கென்றே ஒதுக்கி, எதெல் வோங்கின் பேத்தியை மேடைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டார்கள். எதெல் அதற்கு முப்பது வருடம் முன்பே செத்துப்போயிருந்தாள்.

அந்த எட்டுப் பக்கத்தை எழுதியது திவ்யா. பெருமை தாங்காமல் ஒரு பிரதியைப் பூந்தமல்லிப் பக்கம் பாரிவாக்கத்தில் இருந்த தன் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அவள் அம்மா, வேணுகோபால் நகர் மகளிர் மன்றத்தின் செயலாளர் சுதா, அதை அகராதி வைத்துக்கொண்டு வாசித்தாள். ஒரு சங்கம் தொண்ணூறு வருடம் கழித்து வெட்கப்பட்டு எழுதியதைப் படித்து, அந்த வெட்கத்தை விட்டுவிட்டு விதிமுறையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

வேணுகோபால் நகர் என்பது சுதாவின் கணவன் தினகரனின் தாத்தா நெல் விதைத்த நிலம். தினகரன் அதைப் பிளாட் போட்டு விற்றான். நாலு தெரு, ஒரு பிள்ளையார் கோயில், ஒரு சமுதாயக்கூடம். கூடத்தின் சாவி மன்றத்திடம். மன்றத்தில் பதினொரு பேர். அங்கே பெண்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. ஸ்ரீகாந்த் அம்மா, கோபி அம்மா, ராகவன் சம்சாரம், சம்பந்தம் மருமகள், இப்படித்தான் வருகைப்பதிவேட்டில்கூட இருக்கும். கனடாப் புத்தகம் வந்த பிறகு இவர்களும் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் 'சிஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்த நகரில் ஆறு வருடமாக எல்லோரும் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டுவந்த ஒருத்தி இருந்தாள். அவள் தாட்சாயிணி. அரசு ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். கணவன் பாண்டியன் ஆவடி ஃபேக்டரியில் வேலை. கடன் வாங்கி மூன்றாவது தெருவில் வீடு கட்டி வந்தவர்கள். கோபி அம்மாவுக்கு ஊசி போட வேண்டுமா, ராகவன் சம்சாரத்துக்கு பிரஷர் பார்க்க வேண்டுமா, சம்பந்தத்தின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட வேண்டுமா, தாட்சாயிணியின் கேட்டைத் தட்டினால் போதும். மன்றம் நடத்திய மூன்று மருத்துவ முகாம்களையும் அவள்தான் நடத்தினாள். முகாம் முடிந்து எடுத்த போட்டோவில் மட்டும் அவள் இல்லை. நிற்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

குடிவந்த முதல் வாரமே சுதா விசாரித்துவிட்டாள்.

"சொந்த ஊரு எது?"

"செம்பரம்பாக்கம்."

"செம்பரம்பாக்கம்னா ஊரா, காலனியா?"

"காலனி" என்றாள் தாட்சாயிணி, சுதாவின் முகத்தை நேராகப் பார்த்து. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவள் கை எல்லோர் உடம்பிலும் பட்டது. அவள் வீட்டு டம்ளர் மட்டும் ஒருவர் வாயிலும் படவில்லை.

மனுக் கொடுக்கச் சொன்னது சைனம்பு. பூந்தமல்லியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஷவுகத் அலியின் மனைவி. கூடத்துக்குத் திரைச்சீலையும் நூறு நாற்காலியும் அந்தக் கடை கொடுத்ததால், மன்றம் மதபேதம் பார்க்காமல் அவளைச் சேர்த்துக்கொண்டிருந்தது. "மூணு கேம்ப் நடத்திக் குடுத்துகீறீங்க, மெம்பரா இல்லாம இது இன்னா கூத்துக்கா? லெட்டர் எழுதிக் குடுங்க, நான் குடுக்கிறேன்" என்றாள்.

கிண்ணங்களோடு கிளம்பிய சுதாவின் குறுக்கே திவ்யா நின்றாள்.

"புடிக்கலன்னா புடிக்கலன்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுமா."

"நான் இன்னா வாணாம்னா சொல்றேன்? அவங்க தங்கமான மனுஷி. யாருக்காவது மனசு ஒப்பலன்னா அதுக்கு நான் இன்னா செய்றது?"

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த தினகரன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். "தே, திவ்யா, வழிய உடு. உனக்கு மாப்ள பாத்துகினு கீறோம். இந்த நேரத்துல கனடா நியாயத்த எல்லாம் கனடாவுலயே வச்சிக்க."

திவ்யா வழியை விட்டாள். ஆனால் பின்னாலேயே போனாள். கல்யாணமாகாதவள் உறுப்பினர் ஆக முடியாது என்பதால் சமுதாயக்கூடத்தின் வாசலில் நின்றாள்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு மொச்சை, ஒரு கடலை. திரைக்குப் பின்னால் ஒரு சொம்பு. போய் ஒன்றைப் போட்டுவிட்டு, மற்றதை முந்தானையில் முடிந்துகொண்டு வர வேண்டும். பதினொரு பேரும் போய்வந்தார்கள். ஒவ்வொருத்தியும் திரும்பி வரும்போது அடுத்தவளைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

சுதா சொம்பைத் தட்டில் கவிழ்த்தாள்.

அவள் எதிர்பார்த்தது ஒரு கறுப்பு. அது அவள் போட்டது. மற்றவர்கள் எதிர்பார்த்ததும் ஒன்றுதான். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்தி போட்டால் போதும், மிச்சம் எல்லாம் வெள்ளையாக விழும், பழி ஊர் பேர் தெரியாமல் போய்விடும் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். தட்டில் பத்துக் கொண்டைக்கடலை உருண்டது. நடுவில் ஒரு மொச்சை.

"ச்சே, யாரு இவ்ளோ பேரு?" என்றாள் ஸ்ரீகாந்த் அம்மா முதலில் சுதாரித்துக்கொண்டு. "பாவம்ங்க சிஸ்டர்."

"எனக்கே மனசு கஷ்டமா கீது" என்றாள் கோபி அம்மா. பிறகு பஜ்ஜி வந்தது.

சைனம்பு பஜ்ஜி எடுக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு மூன்றாவது தெருவுக்கு நடந்தாள். தாட்சாயிணி வீட்டில் என்ன பேசினாளோ தெரியாது. இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து டீ குடித்ததைப் பக்கத்து மாடியிலிருந்து சம்பந்தம் மருமகள் பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்கத் தாட்சாயிணியின் கேட்டைத் தட்டியவர்கள் அதிகம். பிரஷர் பார்க்க வந்த ராகவன் சம்சாரம் கையில் பட்டை இறுகும்போதே குரலைத் தாழ்த்தினாள்.

"சிஸ்டர், தப்பா நெனைக்காதீங்க. அந்த ஒரு வெள்ளை நான் போட்டதுதான்."

ஊசிக்கு வந்த கோபி அம்மா பிள்ளையார் மேல் சத்தியம் செய்தாள். "வெள்ளை என்னுதுதான் சிஸ்டர். மத்தவங்கள நம்பாதீங்க." ஸ்ரீகாந்த் அம்மா கண் கலங்கினாள். கடைசியில் சுதாவே வந்தாள், கையில் ஒரு முருங்கைக்காய்க் கட்டோடு. வாசலிலேயே நின்று அதையே சொல்லிவிட்டு, தண்ணீர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை திவ்யா வந்தாள். மன்றத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும்படி சுதா அவளிடம் சொல்லியிருந்தாள். கனடாவில் எழுதியது போலவே இருக்க வேண்டும் என்று உத்தரவு.

"ஆன்ட்டி, நடந்தத அப்படியே எழுதப்போறேன். உங்க பேர போட்டு, மன்னிப்பு கேட்டு..."

"வாணாம்" என்றாள் தாட்சாயிணி.

"ஏன் ஆன்ட்டி? எதெல் வோங்னு ஒருத்தங்களுக்கு அங்க..."

"சைனம்பு சொன்னா. அந்தப் பொண்ணு செத்தப்புறம் பேரு போட்டாங்க. நான் உசுரோட கீறேன். காலைல ஏழு மணி பஸ்ஸுக்கு இந்தத் தெருவுலதான் நடந்து போறேன். ஒரு ஈவு இரக்கக் கதையில என் பேர எதுக்குப் போடணும்? நான் இன்னா தப்புப் பண்ணேன் என் பேரு அச்சுல வர?" குரல் உயரவில்லை. உலர்த்திய யூனிஃபார்மை மடித்துக்கொண்டே பேசினாள். "எழுதணும்னா அவங்க பேர எழுது. ஒருத்தி உடாம எல்லாரும் வந்து வெள்ளை நான் போட்டதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. சைனம்பு ஒருத்திதான் வாயே தொறக்கல."

திவ்யா அன்றைக்கே வேலையைத் தொடங்கினாள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகப் போனாள். "ஆன்ட்டி, மலர்ல அந்த வெள்ளை ஓட்டப் பத்தி வருது. நல்ல மனசோட போட்டவங்க பேரு வரலாத்துல நிக்கணும்ல? நீங்கதான்னு கேள்விப்பட்டேன். ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, அச்சுல வரும்." அச்சு என்ற சொல் மந்திரம் போல வேலை செய்தது. பேனா தேடி ஓடினார்கள். ஸ்ரீகாந்த் அம்மா 'மனிதரில் உயர்வு தாழ்வு பார்க்காத குடும்பம் எங்கள் குடும்பம்' என்று சேர்த்துக்கொண்டாள். கீழே தன் சொந்தப் பெயரை எழுதும்போது ஒரு நிமிடம் யோசித்தாள். பல வருடமாக எழுதாத பெயர்.

சுதா மகளிடமே எழுதிக் கொடுத்தாள். திவ்யா அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

சைனம்பு மட்டும் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் போட்டது போட்டதுதான். அதுக்கு ரசீது இன்னாத்துக்கு?"

பத்தாம் ஆண்டு விழாவில் நகரே கூடியிருந்தது. குத்துவிளக்கு ஏற்றி, திவ்யாவே அச்சடித்து வாங்கிவந்த மலரை வெளியிட்டு, எல்லோர் கையிலும் ஒன்று கொடுத்தார்கள். பெண்கள் தங்கள் பெயரைத் தேடிப் புரட்டினார்கள். பன்னிரண்டாம் பக்கத்தில் கிடைத்தது.

'இந்த ஆண்டு நம் மன்றத்தில் சேர ஒருவர் மனுக் கொடுத்தார். பதினொருவர் வாக்களித்தோம். கறுப்பு பத்து, வெள்ளை ஒன்று. மனு தள்ளுபடியானது. அந்த ஒரு வெள்ளையைப் போட்டவர்கள் கீழ்க்கண்டவர்கள்.'

கீழே பத்துக் கடிதம், அவரவர் கையெழுத்திலேயே.

முதலில் அவரவர் தன்னுடையதைப் பார்த்து மகிழ்ந்தார்கள். பிறகு அடுத்ததைப் படித்தார்கள். பிறகு எண்ணினார்கள். ராகவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பின் வரிசையில் யாரோ ஒரு கல்லூரிப் பெண் சிரித்தாள், அது அங்கங்கே பற்றிக்கொண்டது.

"பொய்! இவ பொய் எழுதிகீறா!" என்று கோபி அம்மா எழுந்தாள்.

"எதுங்க ஆன்ட்டி பொய்?" என்றாள் திவ்யா. "நான் எழுதுனது அஞ்சு வரி. மிச்சம் நீங்க எழுதுனது."

தினகரன் அன்றிலிருந்து மகளோடு பேசுவதில்லை. சுதா பேசினாள், அழுதாள், மானம் போயிற்று என்றாள். போட்டது கறுப்பு என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. மன்றம் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: இனி மன்றத்துக்கு வரலாறு எழுதக்கூடாது. அதற்குச் சொம்பு தேவைப்படவில்லை. வந்திருந்த பத்துப் பேரும் கை தூக்கினார்கள்.

இரண்டு நாள் கழித்து, காலை ஆறே முக்காலுக்கு ராகவன் சம்சாரம் மூன்றாவது தெருக் கேட்டைத் தட்டினாள். தலை சுற்றுகிறதாம். தாட்சாயிணி யூனிஃபார்மில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பிரஷர் கொஞ்சம் பாக்கணும் சிஸ்டர். அப்புறம் அந்தப் புஸ்தகத்துல வந்தது..."

தாட்சாயிணி அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள். அவசரம் எதுவும் இல்லை என்று தெரிந்ததும் கையை விட்டாள்.

"ஒண்ணும் பயமில்ல. ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு குடுப்பாங்க. செம்பரம்பாக்கம் காலனியில இருந்து நெறைய பேரு வருவாங்க, அவங்க பின்னாடி நில்லுங்க. அங்க எல்லாருக்கும் ஒரே வரிசைதான்."

கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.